காப்பீட்டு கார்டுக்கு 3 ஸ்டார், ஓ.பி சீட்டுக்கு 4 ஸ்டார்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் ரிவ்யூ

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு காலத்துல வருஷ வருமானம் கரெக்டா 72,000 ரூபாய். கொத்து வேலைக்குப் போறவருக்கும் அதே தான், ரெண்டு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கவருக்கும் அதே தான். வருமானச் சான்றைக் குடுப்பாங்க, நான் கண்ணாடி மேல கவுத்து பட்டனை அமுக்குவேன், வெளிய வர்ற பேப்பர்ல 72,000 இருக்கும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அப்ப அது தான் லிமிட். 2022ல லிமிட்டை 1,20,000 ஆக்குனாங்க, எங்க ஏரியாவுல எல்லாருக்கும் ஒரே ராத்திரில வருமானம் கூடிருச்சு.

கடை இருக்குறது மதுரைப் பக்கம் ஒரு டவுன்ல, ஊர் பேர் வேண்டாம், ஏன்னா கீழ ஆஸ்பத்திரியப் பத்தியெல்லாம் சொல்லப் போறேன், எனக்கு எதுக்கு வம்பு. இத்தனை வருஷமா அடுத்தவங்க கார்டுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு, இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு இருந்த ஆள் நான். போன வருஷம் ஒரே வருஷத்துல அரசாங்க கார்டு, நான் காசு கட்டுற பிரைவேட் பாலிசி, ஜி.ஹெச் மூணையும் யூஸ் பண்ற நிலமை வந்துச்சு. அந்த அனுபவம் தான் இது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரம்மாவோட அம்மாவுக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நெஞ்சு வலி. அது கேஸ் டிரபிள்னு நெனச்சு இஞ்சியத் தட்டிக் குடிச்சு, பக்கத்து வீட்டுப் பையன விட்டு சோடா வாங்கிட்டு வரச் சொல்லி அதையும் குடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு வேர்த்து ஊத்துனதுக்கு அப்புறம் தான் எங்களுக்கு ஃபோன் வருது. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பையனே பைக்ல உக்கார வச்சு ஊர்ல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்க இருந்த நர்ஸ் அம்மா ஈ.சி.ஜி எடுத்துப் பாத்துட்டு கை நிறைய மாத்திரைய கொட்டி முழுங்கச் சொல்லிருக்காங்க. எண்ணிப் பாத்தா 14. ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாட்டின் 8. இதயம் காப்போம்னு 2023ல கொண்டு வந்த திட்டமாம் அது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே ரத்தம் மேல மேல கட்டாம இருக்க முன்னாடியே குடுக்குற டோஸ். அத்தை இன்னைக்கும் சொல்லும், "பதினாலு மாத்திரைய ஒரே வாய்ல போட்டேன் மாப்ள, அதுக்கே பயந்து வலி ஓடிப்போச்சு"ன்னு.

108 வந்துச்சு, ஜி.ஹெச்சுக்குக் கொண்டு போனாங்க, அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டாங்க, ஐ.சி.யூல படுக்க வச்சாங்க. இதுல நான் கவனிச்சது, அங்க ஒருத்தர் கூட கார்டு இருக்கா, ரேஷன் கார்டு எங்க, வருமானம் எவ்ளோன்னு கேக்கல. பேர், வயசு, ஊர் மூணும் தான் கேட்டாங்க, சீட்டு போட்டாங்க. ஒருத்தர் மட்டும் காசு கேட்டார், ஸ்ட்ரெச்சர் தள்ளுனவர், 200 ரூபாய். குடுத்தேன். சண்டை போடுற நேரமா அது. பாத்ரூம் பத்தி எழுத வேண்டாம்னு நெனைக்கிறேன், சாப்பிட்டுட்டு இருக்கும்போது யாராவது படிப்பீங்க.

மறுநாள் டாக்டர் ஆஞ்சியோ பண்ணி அடைப்பு எங்கன்னு பாத்தாகணும்னு சொன்னார். எங்க ஊர் ஜி.ஹெச்சுல அதுக்கான கேத் லேப் கிடையாது. மதுரைக்கு எழுதித் தர்றேன், இல்ல கார்டு இருந்தா திட்டத்துல சேந்த பிரைவேட்லயும் பாக்கலாம்னு சொன்னார். கார்டு இருக்கான்னு அத்தைகிட்ட கேட்டா தகரப்பெட்டிய தொறக்கச் சொல்லுச்சு. உள்ள பட்டுப்புடவைக்கு அடியில ரேஷன் கார்டோட சேர்த்து பிளாஸ்டிக் கவர்ல 2012ல போட்டோ எடுத்து வாங்குன கார்டு, கசங்காம கிடந்துச்சு. இந்தத் திட்டத்தோட கதையே வேடிக்கை தான். 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு ஆரம்பிச்சாங்க, 2012ல அம்மா ஆட்சில பேரையும் கம்பெனியையும் மாத்தி முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆக்குனாங்க, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்தையும் இதோட சேர்த்து ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும்னு கொண்டு வந்தாங்க. பேரு மாறுச்சு, படம் மாறுச்சு, ஆனா எந்த ஆட்சியும் இத மூடல. நம்ம ஊர்ல மேம்பாலத்துக்குக் கூட அந்த கியாரண்டி கிடையாது.

சரி பிரைவேட் ஆஸ்பத்திரி. உள்ள நுழைஞ்சதும் ரிசப்ஷன் பொண்ணு சிரிச்ச முகமா வணக்கம் சொல்லுச்சு, கார்டுன்னு சொன்னதும் சிரிப்பு அப்படியே நின்னு "கார்டா, லிஃப்ட் பின்னாடி போங்க"ன்னு ஆயிருச்சு. லிஃப்ட் பின்னாடி ஒரு சின்ன ரூம், பிளாஸ்டிக் சேர், ஒரு கம்ப்யூட்டர், அது தான் காப்பீடு கவுன்ட்டர். கார்டு நம்பர் போட்டுப் பாத்தாங்க, ஆக்டிவா தான் இருந்துச்சு. அப்ரூவல் வரணும்னு சொல்லி அஞ்சு மணி நேரம் உக்கார வச்சாங்க, அதுக்குள்ள அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்டுன்னு 8,500 ரூபாய் கையில இருந்து போச்சு, அதுக்கு ஒழுங்கான பில்லும் இல்ல. அப்புறம் ஒருத்தர் வந்து தோள்ல கை போட்டு ரொம்ப பாசமா, "அண்ணே, கார்டுல வர்றது சாதா ஸ்டென்ட் தான், அம்மாவுக்கு நல்லதா வைக்கணும்னா தனியா 60 கட்டிருங்க"ன்னார். 60ன்னா 60,000. ஸ்டென்ட்ங்கிறது அடைப்பு எடுத்த ரத்தக் குழாய் திரும்ப மூடாம இருக்க உள்ள வைக்கிற சின்ன வலைக்குழாய்.

ஜெராக்ஸ் கடைல ஒரு வசதி, கடைக்கு வர்ற பேப்பரையெல்லாம் படிச்சுக்கிட்டே இருக்கலாம். 2017 பிப்ரவரில மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வச்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அப்ப சாதா ஸ்டென்ட் 7,260, மருந்து தடவுனது 29,600. அதுக்கு முன்னாடி ஒரு லட்சத்துக்கு மேலயும் வாங்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விலைய ஏத்திருக்காங்க தான், ஆனா அதுக்காக நல்ல ஸ்டென்ட்டுக்கு தனியா 60,000 எங்க இருந்து வருதுன்னு கேட்டேன். அது இம்போர்ட்டட்னார். சரின்னு வெளிய வந்து கார்டுக்குப் பின்னாடி இருந்த 1800 425 3993க்கு ஃபோன் போட்டேன். எடுப்பாங்கன்னு நம்பிக்கையே இல்ல, எடுத்தாங்க. கார்டு நம்பர், ஆஸ்பத்திரி பேர், எவ்ளோ கேட்டாங்கன்னு பொறுமையா கேட்டு எழுதிக்கிட்டாங்க. ஒன்னரை மணி நேரத்துல அதே ஆள் வந்தார், இந்த தடவை தோள்ல கை போடல. "சொல்லிருக்கலாமேண்ணே, எதுக்கு கம்ப்ளைன்ட் வரைக்கும்." அப்ரூவலும் வந்துச்சு, ஸ்டென்ட்டும் வச்சாங்க, 60ம் இல்ல 6ம் இல்ல. அந்த 8,500 மட்டும் திரும்ப வரவே இல்ல, கேட்டுக் கேட்டு நானே விட்டுட்டேன்.

அதனால யாராவது கார்டு எடுத்துட்டுப் போறீங்கன்னா முதல்ல ஃபோன்ல அந்த நம்பர சேவ் பண்ணுங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இது வரைக்கும் பாத்தா கார்டுக்கு 5 ஸ்டாரே குடுக்கலாம், லட்சத்துல போக வேண்டிய செலவு 8,500ல முடிஞ்சுச்சு. பிரச்சனை டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் ஆரம்பிச்சுச்சு. பிரைவேட் டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய மெடிக்கல்ல வாங்குனா மாசம் 2,300. அத்தைக்கு முதியோர் பென்ஷன் 1,200. கார்டு ஆபரேஷனுக்கு உண்டு, படுத்து வைத்தியம் பாத்தா உண்டு, வாழ்நாள் பூரா முழுங்க வேண்டிய மாத்திரைக்குக் கிடையாது. ஓ.பிக்குப் போனாலும் கிடையாது, சாதாரண பல் வைத்தியத்துக்கும் கிடையாது. ஒரு குடும்பத்த கடனாளி ஆக்குறது ஒரே ஒரு பெரிய ஆபரேஷன்னு தான் எல்லாரும் நெனைக்கிறோம், நான் கடைல பாத்த வரைக்கும் மாசா மாசம் 2,000, 3,000ன்னு அரிக்கிறது தான் மோசம். ஆபரேஷனுக்கு நகைய அடகு வைப்பாங்க, சொந்தக்காரன் குடுப்பான், சங்கத்துல குடுப்பாங்க. சுகர் மாத்திரைக்கு எவன் கைமாத்து குடுப்பான்.

மூணாவது மாசம் அத்தையே எங்களுக்குத் தெரியாம மாத்திரைய பாதி பாதியா உடைச்சுப் போட ஆரம்பிச்சிருச்சு. "ரெண்டு நாளைக்கு வருதுல்ல மாப்ள." என் வீட்டுக்காரம்மா கண்டுபிடிச்சு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, மறுபடியும் அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்த நர்ஸ் அம்மா சீட்டப் பாத்துட்டு சொன்னாங்க, இதுல எல்லா மருந்தும் நம்மகிட்டயும் ஜி.ஹெச்லயும் இருக்கு, கம்பெனி பேர் தான் வேற, மருந்து அதே தான். இவ்ளோ தான் விஷயம். இத எங்களுக்கு டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒருத்தரும் சொல்லல. இப்ப பிரஷர், சுகர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்துட்டு பிரஷரும் பாத்துட்டுப் போறாங்க, ஹார்ட் மாத்திரை மட்டும் மாசம் ஒரு தடவை ஜி.ஹெச் போய் வாங்கணும். 2,300 பஸ் காசா ஆயிருச்சு, மகளிருக்கு டவுன் பஸ் ஃப்ரீங்கிறதால அதுவும் இல்ல.

மாத்திரை எப்படி ஃப்ரீயா குடுத்து கட்டுபடி ஆகுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். 1994ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. மாநிலம் முழுசுக்கும் தேவையான மருந்த மொத்தமா டெண்டர் விட்டு, கம்பெனி பேர் பாக்காம மருந்து பேர்ல வாங்கி, மாவட்ட குடோன்ல வச்சு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி பாஸ்புக் குடுத்து அதுல கழிச்சு எடுத்துக்கோன்னு ஒரு சிஸ்டம். தெருமுனை கடைல ஒரு அட்டை வாங்குறதுக்கும் ஒரு மாநிலமே சேந்து வாங்குறதுக்கும் விலை எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இதப் பாத்து மத்த மாநிலங்களும் ஆரம்பிச்சிருக்காங்க. டி.வில இதப் பத்தி எவனும் விவாதம் நடத்த மாட்டான், ஆனா என்னைக் கேட்டா இலவச வைத்தியம் கட்டுபடி ஆகுமாங்கிற கேள்விக்குப் பாதி பதில் அந்த குடோன்ல இருக்கு.

இந்தக் கட்டுபடி சண்டை எங்க கடை வாசல்ல தினமும் நடக்கும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் பேப்பர் படிக்க வருவார், "எல்லாத்தையும் ஓசில குடுத்தா கஜானா என்னய்யா ஆகுறது, வரி கட்டுறவன் கேனையனா"ம்பார். அவருக்கு பென்ஷன்ல பிடிச்சு அரசாங்கமே தனியா ஒரு இன்சூரன்ஸ் வச்சிருக்கு, அது வேற விஷயம், பெரிய மனுஷன், வயசுக்கு மரியாதை. எதிர்ல டீக்கடை தோழர், "இன்சூரன்சுக்குக் கட்டுற காச அப்படியே ஜி.ஹெச்ல போட்டா ஊருக்கு ஊரு கேத் லேப் வந்துரும் சார்"ம்பார்.

ஒரு நாள் கால்குலேட்டர எடுத்து வச்சு கணக்கு போட்டோம். 2022ல போட்ட ஒப்பந்தப்படி அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்குக் கட்டுற பிரீமியம் 849 ரூபாய், குடும்பம் 1.37 கோடி, பெருக்குனா 1,160 கோடி சொச்சம். நான் என் வீட்டு நாலு பேருக்கு பிரைவேட் பாலிசிக்குக் கட்டுறது 26,400. நானும் 5 லட்சம் கவர் தான், அத்தையும் 5 லட்சம் கவர் தான். வாத்தியார் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் அவரே ஒரு பாயிண்ட் பிடிச்சார், நியாயமான பாயிண்ட் தான், 849 எப்படி பத்துதுன்னா ஜி.ஹெச் டாக்டர் சம்பளம், கட்டடம், மருந்து எல்லாம் வேற பட்ஜெட்ல இருந்து போகுது, பாதி சனம் அங்கயே பாத்துக்குது, அதனால ரெண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாதுன்னார். தோழர் உடனே "அதத்தான சார் நானும் சொல்றேன், ஜி.ஹெச் இருக்குறதால தான் கார்டு மலிவு"ன்னார். ரெண்டு பேரும் ஒரே விஷயத்த சொல்லிட்டு அதுக்கப்புறமும் ஒரு மணி நேரம் சண்டை போட்டாங்க.

தோழர் சொன்னதுலயும் எனக்கு முழு சம்மதம் இல்ல. அன்னைக்கு எங்க ஊர் ஜி.ஹெச்ல கேத் லேப் இல்ல, கார்டு தான் காப்பாத்துச்சு. அப்புறம் அந்தக் காசு பூரா பிரைவேட்டுக்கும் போறதில்ல, ஜி.ஹெச்ல கார்டுல ஆபரேஷன் பண்ணா அந்த ஆஸ்பத்திரிக்கும் பணம் வருது, அதுல மிஷின் வாங்குறாங்க, டாக்டர் நர்ஸுக்கும் ஒரு பங்கு போகுது. ஆனா அவர் கேக்குற ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. 2017ல தேசிய சுகாதாரக் கொள்கைனு போட்டு 2025க்குள்ள ஜி.டி.பில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புல, 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு அரசு செலவு பண்ணும்னு எழுதுனாங்க. 2021-22 கணக்குல மத்திய மாநில அரசுங்க எல்லாம் சேத்து 1.84 தான். அதே வருஷம் நாட்டுல வைத்தியத்துக்கு ஆன ஒவ்வொரு 100 ரூபாய்லயும் 39 ரூபாய் ஜனங்க பாக்கெட்ல இருந்து போயிருக்கு. 2014-15ல 62 ரூபாயா இருந்துச்சு, அதுக்கு இது தேவலை, இல்லன்னு சொல்லல. தாய்லாந்துக்காரன் 2002லயே வரிப்பணத்துல இருந்து நாட்டுக்கே வைத்தியம்னு கொண்டு வந்துட்டான், ஒரு தடவை போனா 30 பாத் குடுத்தா போதும்னு. அவன் ஒன்னும் அன்னைக்கு அமெரிக்கா இல்ல.

இப்ப என் கதை. ஜெராக்ஸ் கடைல மாசம் 18, 20 ஆயிரம் நிக்கும். கார்டு லிமிட்டுக்கு மேல. பத்து பேர் சொன்னாங்க, "நீயே வருமானச் சான்று அப்ளை பண்ணிக் குடுக்குற ஆளு, உனக்கு ஒன்னு 96,000னு வாங்கிக்க மாட்டியா"ன்னு. வாங்கல. நேர்மைன்னு சொல்லிக்க ஆசை தான், உண்மை என்னன்னா கவுரவம், லிஃப்ட் பின்னாடி போய் உக்காரணுமான்னு. அதனால 2019ல ஒரு பிரைவேட் பாலிசி எடுத்தேன், அப்ப 13,800. ஒரு கிளைமும் பண்ணாமலே அது 26,400 வரைக்கும் ஏறுச்சு. போன வருஷம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன், கேஷ்லெஸ், நாம காசு கட்ட வேண்டாம், கம்பெனியே கட்டிரும்னு நம்பிப் போனேன், ரூம் வாடகைக்கு ஒரு லிமிட் இருக்காம், நான் தங்குன ரூம் அத தாண்டிருச்சாம், சரி ரூமுக்கு வித்தியாசத்த கட்டலாம்னு பாத்தா, ரூம் தாண்டுன அதே விகிதத்துல டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்தையும் வெட்டிட்டாங்க. 31,000 கையில இருந்து கட்டுனேன். பாலிசி பேப்பர் 40 பக்கம், அதுல 17ம் பக்கத்துல இருக்கு அந்த வரி, ஊர் பேப்பர் எல்லாம் படிக்கிற நான் என் பேப்பரப் படிக்கல. 2025 செப்டம்பர்ல இருந்து பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டிய எடுத்துட்டாங்க, அது ஒன்னு தான் இதுல நல்ல சேதி.

என்னைய மாதிரி ஆளுங்களுக்கு மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்ற நிதி ஆயோக்ல ஒரு பேரே வச்சிருக்காங்க, விடுபட்ட நடுத்தர மக்கள்னு. 2021ல ரிப்போர்ட் போட்டாங்க, ஏழைன்னு கார்டும் கிடைக்காம, சொந்தமா பாலிசி எடுக்கவும் முடியாம நாட்டுல 40 கோடிப் பேருன்னு. நானாச்சும் கட்டுறேன். என் கடைல வேலை பாக்குற தம்பிக்கு 11,000 சம்பளம், அவன் லிமிட்ட தாண்டி ஆயிரம் ரூபா மேல இருக்கான். மாசம் ஆயிரம், கூட்டிப் பாத்தா வருஷத்துக்கு 12,000. அதனால அவன் வசதியானவன். அனைவருக்கும் மருத்துவம்னு போஸ்டர் அடிக்கிறவங்க அந்த அனைவருக்கும்ல இந்தத் தம்பி எங்க நிக்கிறான்னு ஒரு தடவை சொல்லணும்.

ஆனா அதே தம்பி போன மாசம் டெங்கு காய்ச்சல்ல ஜி.ஹெச்ல ஆறு நாள் கிடந்தான். யாரும் லிமிட் கேக்கல. ரெண்டு நாள் ஒரு பெட்டுல ரெண்டு பேரு, மூணாவது நாள் தனி பெட்டு, ரத்த டெஸ்ட் தினமும், செலவுன்னு பாத்தா அவங்க அம்மா வாங்கிக் குடுத்த பப்பாளிப் பழமும் இளநீரும் தான். ஸ்கேன் எடுக்கணும்னா 20 நாள் கழிச்சு தேதி குடுக்குறாங்க, கூட்டம் தாங்க முடியல, டாக்டர் ஒரு ஆளப் பாக்குற நேரத்துல நான் ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துருவேன். எல்லாக் குறையும் இருக்கு. இருந்தாலும் அந்த ஓ.பி சீட்டு ஒன்னுக்கு தான் நீ யாரு, எவ்ளோ சம்பாதிக்கிறன்னு கேக்காத குணம் இருக்கு. கார்டு கேக்கும், பாலிசி 40 பக்கத்துக்குக் கேக்கும். அதனால தான் கார்டுக்கு 3, ஓ.பி சீட்டுக்கு 4, பிரைவேட் பாலிசிக்கு 2. ஸ்ட்ரெச்சர் ஆளுக்குத் தனியா மைனஸ் 200.

பாலிசிய விட்டுட்டீங்களான்னு கேப்பீங்க. இல்ல, இந்த வருஷமும் கட்டிட்டேன், பயம் தான் காரணம். ரூம் லிமிட் இல்லாத பிளான் பாத்து மாத்தியிருக்கேன், 17ம் பக்கத்த ரெண்டு தடவை படிச்சுட்டேன்.

நாளைக்கு அத்தைக்கு மாத்திரை வாங்குற நாள். கவுன்ட்டர் 8 மணிக்கு தான் திறப்பாங்க, அது ஆறரைக்கே போய் செருப்ப வரிசைல விட்டுட்டு வேப்பமரத்தடில உக்காந்துரும், கூட நாலஞ்சு பேரு சிநேகிதம் பிடிச்சு வச்சிருக்கு, யாருக்கு எத்தனை அடைப்புன்னு எல்லாம் அத்துப்படி. போகும்போது பழைய சீட்ட ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லிருக்கு, ஒரிஜினல் நனைஞ்சுருச்சாம். மாமியார் தான, காசு வாங்கல.